கொதித்தாறிய நீர்: சுகாதார உரைநடையின் எளிமை பற்றிய ஒரு திறனாய்வு

தமிழ்த் திறனாய்வு காவியத்தை ஆராய்ந்தது. நாவலையும் சிறுகதையையும் ஆராய்ந்தது. நாட்டார் பாடலையும் விளம்பர வாசகத்தையும் கூட ஆராயத் தலைப்பட்டுள்ளது. ஆயின் மருத்துவமனைச் சுவரில் ஒட்டப்பெறும் அறிவித்தலையும், தாய் சேய் நிலையத்திற் கையளிக்கப்பெறும் துண்டுப் பிரசுரத்தையும் அது பெரும்பாலும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அவை இலக்கியம் அல்ல என்பது அதற்குரிய காரணமாகக் கூறப்படலாம். உண்மையே. எனினும் ஒரு கவிதை விளங்காவிடின் வாசகன் ஏட்டை மூடிவைத்து மறுநாள் மீண்டும் விரிப்பான். நோய் பற்றிய அறிவித்தல் விளங்காவிடின் அந்த மறுநாள் வாய்க்குமென்பதற்கு உறுதியில்லை. உயிர்ச்சேதம் நேரத்தக்க இடத்தில் நிற்கும் உரைநடையின் தன்மையை ஆராய்தல் திறனாய்வுக்கு இழுக்காகாது.

இவ்வாராய்ச்சிக்குப் புத்தள மாவட்டக் கரையோரத்தினும் ஏற்ற களம் காண்டல் அரிது. தெற்கே மகா ஓயாவிலிருந்து வடக்கே வில்பத்துக் காடுவரை நீளும் இக்கரையிலே தமிழ் பேசுவோர் ஒருதன்மையர் அல்லர். உடப்பில் திரௌபதையம்மன் கோயிலைச் சூழ்ந்து வாழும் இந்து மீனவர் ஒரு சாரார். கற்பிட்டியிலும் புத்தளம் நகரிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் முஸ்லிம்கள் ஒரு சாரார். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய முஸ்லிம்கள் பிறிதொரு சாரார். அவர்களின் பேச்சில் மன்னாரும் யாழ்ப்பாணமும் இன்னும் ஒலிக்கின்றன. சிலாபத்திற்குத் தெற்கேயோ நிலைமை வேறு. அங்குள்ள கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுமொழி தமிழாயிருக்க, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலைமொழி சிங்களமாயிற்று; ஆதலாற் பேசும் மொழி ஒன்றாகவும் வாசிக்கும் எழுத்து வேறாகவும் உள்ள முதியோர் ஆங்கு உளர். ‘தமிழ் வாசகர்’ என்று ஒருவரைக் கற்பனை செய்து அவருக்கென எழுதப்படும் அறிவித்தல், இவருள் யாரைச் சென்றடையும்? 1859இல் ‘தமிழ் புளூராக்’ என்னும் புலவர் வரலாற்று நூலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட சைமன் காசிச்செட்டி பிறந்த ஊரும் கற்பிட்டியே என்பது ஈண்டு நினைக்கத்தகும். எழுத்துக்கு வறிய கரையன்று இது.

சுகாதார எழுத்தின் குறைகளையே அடுக்கிச் செல்லுதல் எளிதாதலின், முதலில் அதன் ஒரு வெற்றியைக் காட்டுதல் முறை. ஈழத்துத் தமிழ்ச் சுகாதார எழுத்திலே நெடுங்காலமாக வழங்கும் ஒரு தொடர் ‘கொதித்தாறிய நீர்’ என்பது. இதனிற் சிறந்த தொடரொன்றை அவ்வெழுத்து முழுவதிலும் தேடினும் காணுதல் அரிது. கொதித்து என்னும் வினையெச்சம் முன்னிற்க, ஆறிய என்னும் பெயரெச்சம் பின்வருகின்றது; செய்யவேண்டிய இரு செயல்களும் செய்யவேண்டிய ஒழுங்கிலேயே இலக்கணத்தில் அமைந்துவிட்டன. கலைச்சொல் எதுவுமில்லை. கஞ்சி ஆறியது, பால் ஆறியது என அடுக்களையில் நாடோறும் வழங்கும் சொல்லே இது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஆறுதல் என்பது தானாகத் தணிதல். கொதிநீரோடு பச்சைத் தண்ணீரைக் கலந்து சூட்டைத் தணித்தலை அச்சொல் குறியாது. கொதித்த நீரிற் கொதியாத நீரைக் கலந்தாற் செய்த வேலை வீணாகுமன்றோ? அவ்விலக்கையும் தனி வாக்கியம் வேண்டாது ஒரு சொல்லே உணர்த்திவிடுகின்றது. பெயர் தெரியாத எவரோ ஒருவர் ஆக்கிய இத்தொடர் கடுமையான இலக்கியத் தமிழும் அன்று, கொச்சையும் அன்று; பண்டிதரும் பாட்டியும் ஒருங்கே ஏற்பர். இத்துணைச் சிறப்புடைய தொடரும் கற்பிட்டி மணலில் இடறும் வகை பின்னர்க் காட்டப்படும்.

தமிழிற் சுகாதார நூல் எழுதும் முயற்சி ஈழத்துக்குப் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னாளில் தமிழையே போதனாமொழியாக்கினார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சேற்றினார். 1850களில் அவர் முயற்சியால் வெளிவந்த நூலொன்றின் பெயர் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்பது. கால்வின் கட்டர் என்னும் அமெரிக்கர் எழுதிய நூலின் தமிழாக்கம் அது. அங்காதிபாதம் என்றது உடலமைப்பை. சுகரணம் என்றது உடற்றொழிலை. உற்பாலனம் என்றது உடல்நலம் பேணும் முறையை. பொதுமக்கள் சுகாதாரம் என இன்று வழங்கும் பொருள் தமிழில் அச்சேறியபோது அது உற்பாலனம் என்னும் பெயர்கொண்டு வந்தது. மூன்று சொற்களும் இன்று வழக்கொழிந்தன.

இது கொண்டு கிறீனைக் குறைகூறுதல் நீதியாகாது. அவருடைய நூலை வாசித்தவன் மாணவன். அவன் அருகே ஆசிரியர் இருந்தார். அரிய சொல் ஒன்று வந்தவிடத்து அதனை விளக்கும் வாய் அங்கேயே இருந்தது. கற்போனுக்கு எழுதும் நடையும், கற்பிப்பாரின்றித் தனியே நின்று வாசிப்போனுக்கு எழுதும் நடையும் வேறு வேறு. பிற்காலச் சுகாதார எழுத்து இவ்வேறுபாட்டை மறந்தமையே பெருங்குறை. வகுப்பறைத் தமிழ் பாடநூலிலிருந்து இறங்கிச் சுவரொட்டிக்கு வந்தது. ஆசிரியர் கூட வரவில்லை.

கிறீன் பிறந்த அதே 1822இல் யாழ்ப்பாணம் நல்லூரிற் பிறந்தவர் ஆறுமுக நாவலர். சந்தி பிரித்தும் நிறுத்தக்குறி இட்டும் உரைநடை அச்சிட்டு, பாலர்க்குப் பாலபாடங்கள் எழுதியவர் அவர். இலக்கணத்தில் ஒரு மயிரிழையும் நெகிழாதவராகிய அவரே கற்கத் தொடங்கும் சிறுவனுக்காகச் சந்தியைப் பிரித்தார் என்பது உற்று நோக்கற்பாலது. எளிமை வேண்டுமெனிற் பேச்சுமொழிக்கு இறங்கல் வேண்டும் என்று வாதிப்போரும், இலக்கணம் பிழையாதிருப்பின் வாசகன்தான் ஏறி வரல் வேண்டும் என்று வாதிப்போரும் நாவலரைச் சான்று காட்ட இயலாது. அவர் மொழியின் தரத்தைத் தாழ்த்தவில்லை. வாசகனின் கண்ணுக்குத் தடையானதை அகற்றினார்.

நிற்க. எளிமையை அளத்தல் கூடுமா என்னும் வினா மேனாட்டில் எழுந்து பல்லாண்டுகளாயின. ருடோல்ப் பிளெஷ் என்பார் 1948இல் வெளியிட்ட சூத்திரம், வாக்கியத்திலுள்ள சொற்றொகையையும் சொல்லிலுள்ள அசைத்தொகையையும் கொண்டு ஆங்கில உரைநடையின் வாசிப்பெளிமையைக் கணித்தது. 1969இல் மக்லாக்லின் என்பார் மூன்றும் அதற்கு மேலும் அசைகளுடைய சொற்களை எண்ணும் முறையொன்றை வகுத்தார். ஆங்கிலச் சுகாதாரப் பிரசுரங்களை நிறுப்பதற்கு அது பெரிதும் கையாளப்படுகின்றது. (ஈண்டு அசை என்றது நேரும் நிரையுமாகிய யாப்பசையன்று; ஓர் உயிரோசையைக் கொண்ட ஒலியலகை.) இவ்வளவுகோலைத் தமிழுக்குக் கொண்டுவருவோர் ஏமாறுவர். ‘கொடுக்கவேண்டியதில்லை’ என்பது எட்டு அசைகொண்ட நீண்ட சொல். அதனை விளங்காத தமிழ்த்தாய் எவளுமில்லை. ‘உற்பாலனம்’ நான்கு அசை. இன்று விளங்குவார் எவருமில்லை. ‘குருதி’யும் ‘இரத்த’மும் மும்மூன்று அசையின, ஆயின் ஒன்று பாடசாலையிற் கற்ற சொல், மற்றது காயம்பட்டவன் வாயில் வரும் சொல். ஒட்டுநிலை மொழியாகிய தமிழிற் சொல்லின் நீளம் அதன் அருமையைக் காட்டாது. தமிழில் வேறோரிடத்தில் அருமையைத் தேடல் வேண்டும்.

அவ்விடம் யாதெனின், வாக்கியத்தில் ஆள் இல்லாமை. ‘நுளம்புகள் பெருகக்கூடிய இடங்கள் இனங்காணப்பட்டு அவை அழிக்கப்படுதல் வேண்டும்’ என்னும் வாக்கியம் எடுத்துக்காட்டுக்காக இங்கு அமைக்கப்பட்டது. எனினும் இதனை ஒத்தவற்றை எந்தச் சுவரிலும் காணலாம். இதில் அரிய சொல் ஒன்றுமில்லை. ஆயினும் இனங்காண்பவர் யார்? அழிப்பவர் யார்? பொதுச் சுகாதாரப் பரிசோதகரா, பிரதேச சபைத் தொழிலாளியா, வாசிப்பவளா? எப்போது? எத்தனை முறை? ‘படு’ என்னும் துணைவினையும் தொழிற்பெயரும் சேர்ந்து செய்வோனை மறைத்துவிட்டன. அலுவலகத் தமிழுக்கு இம்மறைப்பு வசதி. செய்வோன் இல்லாத வாக்கியத்திற்குப் பொறுப்பாளியும் இல்லை. வீட்டுக்காரிக்கோ அது பயனற்றது. ‘ஒவ்வொரு ஞாயிறும் முற்றத்திலுள்ள சிரட்டை, பூச்சாடித் தட்டு, கரையில் ஏற்றிவைத்த பழைய வள்ளம் இவற்றிலுள்ள தண்ணீரைக் கொட்டுங்கள், முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமை போதும்’ என்று எழுதினால் வாக்கியம் நீள்கின்றது, பொருளோ கைக்கு எட்டுகின்றது. தென்னை வளரும் கரையிற் சிரட்டையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாத டெங்கு அறிவித்தல் எந்த ஊருக்கும் உரியதன்று. 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு ஐயத்துக்குரிய நோயாளராகப் பதிவாயினர். அவ்வாண்டில் ஒட்டப்பெற்ற தாள்கள் பல. அவற்றின் நடையைப் பின்னர் எவரேனும் ஆராய்ந்து திருத்தியிருப்பின் அது பெரும் பயன் தந்திருக்கும்.

ஆள் இல்லாமையோடு, ஒரு சொல்லின் அளவுகடந்த எளிமையும் பொருளை மறைப்பதுண்டு. ‘நுளம்பு’ என்பது அத்தகைய சொல். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களின் ‘கொசு’வை விலக்கி, இங்குள்ளோர் அறிந்த ‘நுளம்பை’ ஆளுதல் சரியே. ஆயின் புத்தளக் கரை கண்ட நுளம்பு ஒன்றன்று. 1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய், சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுறு ஓயாவின் வடிநிலத்தைக் கடுமையாகத் தாக்கியது. மழை பொய்த்து ஆறு வற்றியபோது ஆற்றுப்படுக்கையில் ஆங்காங்கே எஞ்சிய தெளிந்த குட்டைகளில் அனோபிலிசு நுளம்பு பெருகியமையே காரணம். யானைக்காலைப் பரப்பும் கியூலெக்சு நுளம்போ மலக்குழியிலும் அழுக்கு வாய்க்காலிலும் பெருகுவது. டெங்கைப் பரப்பும் ஈடிசு வீட்டுப் பாத்திரத்தில் வளர்வது. மூன்று நோய், மூன்று நீர், ஒரு பெயர். ‘சுற்றாடலைத் துப்புரவாக வைத்திருங்கள்’ என்னும் பொது வாசகம் மூன்றுக்கும் பொருந்துவதுபோலத் தோன்றி, டெங்கைப் பொறுத்தவரை தவறான இடத்தைச் சுட்டுகின்றது. முற்றத்தைக் கூட்டிப் பெருக்கி, குப்பையை எரித்து, குடத்தைத் திறந்தபடியே வைத்திருப்பவள் அறிவித்தலைக் கைக்கொண்டவளே.

இங்கு இன்னொரு திருத்தமும் வேண்டியதாயிற்று. ஈடிசு நன்னீரில் மட்டுமே வளரும் என்பது பாடநூல் முடிபு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் கரையோரங்களில் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வு, உவர்கலந்த நீரிலும் அது வளர்வதைக் கண்டது. ‘தெளிந்த நன்னீரில்’ என்று தாளில் அச்சிடுவது உள்நாட்டு நகரொன்றுக்குப் போதும். கடல்நீர் ஊறும் கிணறுகளும் படகுகளும் நிறைந்த கரைக்குப் போதாது.

யானைக்கால் என்னும் பெயரைப் பற்றி ஒரு சொல். நோயின் தோற்றத்தை உவமையாலே காட்டிவிடும் இப்பெயருக்கு ஈடாகப் ‘பைலேரியா’ எதனையும் தரவில்லை. புத்தளம் இந்நோய் நிலவிய எட்டு மாவட்டங்களுள் ஒன்று. 2002 முதல் 2006 வரை இம்மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை யாவருக்கும் மாத்திரை வழங்கப்பட்டது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்ததை ஏற்றது. ஆயின் பெயரின் வெற்றியே எழுதுவோனுக்கு இடையூறாகவும் அமைகின்றது. கால் வீங்காதவன் தனக்கு யானைக்கால் இல்லையென்று கொள்வான். நோயில்லாதவன் ஏன் மாத்திரை விழுங்கல் வேண்டும்? ‘அனைவரும் உட்கொள்ளல் வேண்டும்’ என்று ஆணையிடும் வாக்கியம் இவ்வினாவுக்கு விடையாகாது. புழு உடலினுள் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வாழும். அதன் குஞ்சுகள் இரவிலேயே இரத்தத்தில் மிகுதியாக உலாவும். நல்ல காலோடு நடமாடுபவனிடமிருந்தும் நுளம்பு அவற்றை எடுத்துச் சென்று அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கும் என்ற மூன்று செய்திகள் சொல்லப்பட்டால், மாத்திரையும் விளங்கும். சுகாதாரப் பணியாளர் இரத்தம் எடுக்க ஏன் இராக்காலத்திற் கதவைத் தட்டுகின்றனர் என்பதும் விளங்கும். காரணம் கூறினால் தாள் நீளும் என்று அஞ்சுவோர் பலர். காரணமில்லாத சுருக்கம் எளிமையன்று. அது வாசகனை மதியாமை.

2020இல் கொவிட் பரவியபோது இக்கரை முதலிலேயே சோதனைக்குள்ளாயிற்று. நாடளாவிய ஊரடங்கு மார்ச் 20ஆம் நாள் வந்தது. புத்தள மாவட்டப் பகுதிகளிலும் நீர்கொழும்பை அடுத்த கொச்சிக்கடையிலும் மார்ச் 18ஆம் நாளே ஊரடங்கு பிறந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் புதிய சொற்கள் பல வந்திறங்கின. ‘தனிமைப்படுத்தல்’ என்னும் ஒரே சொல், நோயாளியைப் பிரித்து வைத்தலுக்கும் நோய் இருக்கலாமென்னும் ஐயமுள்ளவரைத் தடுத்து வைத்தலுக்கும் பொதுவாயிற்று. தன் வீட்டு வாசலில் அச்சொல் ஒட்டப்பெற்றவர் தாம் நோயாளியா அல்லரா என்று அறியாது நின்றார். அயலாரோ அறிந்துவிட்டதாகவே எண்ணினர்.

இதனினும் கொடிது ‘சமூக இடைவெளி’ என்னும் தொடர். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு அது. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில், விலகியிருக்க வேண்டியது உடல்களே, உறவுகளல்ல என்று கூறி அத்தொடரைக் கைவிடத் தொடங்கியது. ஈழத்துத் தமிழில் அதன் ஊறு இருமடங்கு. இங்கே ‘சமூகம்’ என்றால் முஸ்லிம் சமூகம், தமிழ்ச் சமூகம், சிங்களச் சமூகம் என்று இனக்குழுவைக் குறித்தலே பத்திரிகை வழக்கு. அவ்வழக்கிற் பழகிய காதில் ‘சமூக இடைவெளியைப் பேணுங்கள்’ என்பது எவ்வாறு ஒலிக்கும்? மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் புத்தளத்தில், அத்தொடரைத் தேர்ந்தவர் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்திருப்பின் விட்டிருப்பார். ‘ஆளுக்கு ஆள் ஒரு மீற்றர்’ என்னும் மூன்று சொல்லும் ஓர் எண்ணும் போதுமாயிருந்தன.

மொழிநடை ஒன்றே யாவற்றையும் தீர்க்கும் என்று கருதுவதும் பிழை. கொவிட்டால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்பட வேண்டும் என்ற விதி 2020இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. அடக்கம் செய்தலும் தகும் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2021 பெப்ரவரி வரை முஸ்லிம்கள் தம் இறந்தோரை அடக்கம் செய்ய இயலவில்லை. 2024இல் அரசு அதற்காக மன்னிப்புக் கோர முடிவு செய்தது. அந்த மாதங்களில், ‘நோய்க்குறி தென்பட்டால் உடனே அறிவியுங்கள்’ என்னும் வாக்கியம் எத்துணைத் தெளிவாக எழுதப்பட்டிருப்பினும், புத்தளத்து முஸ்லிம் வீடொன்றில் அது வாசிக்கப்பட்ட விதம் வேறாயிருக்கும். தாளில் இல்லாத வரியும் சேர்த்தே வாசிக்கப்படுகின்றது.

தமிழ் அறிவித்தல் பெரும்பாலும் தமிழிற் பிறப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. சட்டத்தில் இடம் கிடைத்தது, எழுதுமேசையிற் கிடைக்கவில்லை. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ முடிந்துவிட்ட தாள், கடைசி நாளில் தமிழுக்கு வருகின்றது. கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய பேருந்து ஆசனத்தின் மேல் ‘தா’ எழுத்து ‘நா’வாக மாறிப் பொறிக்கப்பட்ட செய்தி வெளிநாட்டு ஏடுகள் வரை சென்றது. அது நகைப்புக்கிடமான எழுத்துப்பிழை. கண்ணுக்குத் தெரிவதால் திருத்தமும் பெறும். கண்ணுக்குத் தெரியாத பிழையே அஞ்சத்தக்கது. இலக்கணம் சரியாய், எழுத்துச் சரியாய், எவருக்கும் உரியதன்றாய் நிற்கும் வாக்கியத்தை எந்த அச்சுத்திருத்துநரும் பிடிக்கமாட்டார். வீடுவீடாகச் சென்று தாய்மாரோடு பேசும் மருத்துவமாது அவ்வாக்கியத்தை ஒருபோதும் வாயாற் சொல்வதில்லை. அவர் சொல்வதை எழுதிக்கொள்ள எவரும் அவரைக் கேட்பதுமில்லை.

இனிக் கற்பிட்டி நீருக்கு வருவோம். அம்முனையின் ஒரு புறம் கடல், மறுபுறம் களப்பு. மணலின் அடியில் உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையொன்று மிதக்கின்றது. கிணறுகள் அதனையே நம்பியுள்ளன. வெங்காயம், மிளகாய் முதலிய பயிர்கள் ஆண்டு முழுவதும் விளையும் நிலம் அது. மணலில் இட்ட நைதரசன் பசளை, பாய்ச்சிய நீரோடு இறங்கி அப்படையையே மீண்டும் சேர்கின்றது. அதே நீர் மீண்டும் இறைக்கப்படுகின்றது. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அதனை மீறிய அளவு 1980கள் முதல் ஆய்வாளரால் அறியப்பட்டுள்ளது. வளர்ந்தோரைவிட, புட்டிப்பால் குடிக்கும் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கே இந்நீராற் பெரும் அபாயம். இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம்.

இவ்விடத்தேதான் ‘கொதித்தாறிய நீர்’ இடறுகின்றது. கொதித்தல் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். ஆகவே மா கரைப்பதற்கென நீரை நெடுநேரம் கொதிக்க வைக்கும் தாய், தான் கற்ற பாடத்தைக் குறைவறச் செய்து, தான் அஞ்சாத ஒன்றை மிகுவிக்கின்றாள். தொடரில் ஒரு குற்றமுமில்லை. எளிமை, இலக்கணம், நுட்பம் யாவும் உண்டு. கிருமியை மனத்திற்கொண்டு பிறந்த தொடர், பசளை இறங்கும் கிணற்றைக் காணவில்லை, அவ்வளவே. அரிய சொற்களால் ஆன வாக்கியம் விளங்காமையாற் பயனற்றுப்போகும். எளிய வாக்கியம் நன்கு விளங்கி, மனத்திற் பதிந்து, பொருந்தாத இடத்திலும் கைக்கொள்ளப்படும். எளிமையின் பொறுப்பு அதனாற் பெரிது.

இதற்கு நைத்திரேற்று என்னும் சொல்லைக் கற்பிட்டி வீடுகளுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. புத்தளம் உப்பளங்களின் ஊர். வெயில் நீரைக் கொண்டுபோய் உப்பை விட்டுச்செல்வதை அங்குள்ள சிறுவனும் அறிவான். பானையின் கீழுள்ள நெருப்பும் அதனையே செய்கின்றது என்று ஒரு வரி எழுதினால், கொதித்த நீரிலும் பசளையுப்பு எஞ்சும் என்பது உடனே விளங்கும். கொதிக்க வைத்தலைக் கைவிடச் செய்துவிடாதபடி, கிருமிக்கு அது வேண்டும் என்பதும் அடுத்த வரியில் வரல் வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்னும் வாசகம் இங்கு இரட்டிப்புப் பயன் தரும். ஆயின் ‘மட்டும்’ என்பதில் தண்ணீரும் விலக்கப்பட்டது என்று வெப்பம் மிக்க கரையில் வாழும் தாய் கொள்வாளென்பது உறுதியன்று. ‘தண்ணீரும் வேண்டாம்’ என்னும் இரு சொற்களைச் சேர்த்துவிடுவதாற் குறைவொன்றுமில்லை. இவ்வாறு எழுதுவோர் நினைவிற்கொள்ள வேண்டிய இன்னொன்று, பசளை இடுபவனும் அச்சிசுவின் தந்தையும் பல வீடுகளில் ஒருவனே என்பது. விவசாயியைக் குற்றவாளியாக்கும் தாள் அவ்வீட்டுச் சுவரில் ஒரு நாளும் நில்லாது.

பங்களாதேசத்திற் குழாய்க்கிணற்று நீரில் ஆசனிக்கு நஞ்சு கண்டறியப்பட்டபோது, 2000ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. சோதித்தோர் கிணற்றின் வாயிலே சிவப்பு அல்லது பச்சை பூசினர். நஞ்சுள்ளது சிவப்பு, குடிக்கத்தக்கது பச்சை. எழுத்தறியாதவரும் வாசித்த அறிவித்தல் அது. தாளில் அன்றி, நீர் எடுக்கும் கை படும் இடத்திலேயே அது எழுதப்பட்டது. இலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்னும் எண்ணைத் துண்டுப்பிரசுரத்திற் கண்ட கற்பிட்டித் தாய், தன் கிணற்றில் எத்தனை என்பதை அதனின்று அறியாள். கிணற்றுக்கட்டில் இட்ட ஒரு வண்ணக்கோடு அதனை அவளுக்குக் கூறும். ஆயின் அம்முறையையும் அப்படியே பெயர்த்துக் கொள்ளலாகாது. ஆசனிக்கு நிலத்தின் ஆழத்திலிருந்து வருவது. கற்பிட்டி நைத்திரேற்றோ பயிர்க்காலத்தோடும் மழையோடும் ஏறி இறங்குவது. மாரியிற் பூசிய பச்சை கோடையிற் பொய்யாகலாம். ஆதலின் அங்கே கோட்டின் அருகே, நீரைச் சோதித்த மாதமும் ஆண்டும், மீண்டும் எந்த மாதத்திற் சோதிப்பர் என்பதும், அந்த வீட்டார் வாசிக்கும் எழுத்தில், தமிழாயின் தமிழிலும் சிங்களமாயிற் சிங்களத்திலும், பெரிதாக எழுதிவைத்தல் வேண்டும்.